ஒரு முணுமுணுப்பும் இல்லாத வீடு

"ஃப்ரிட்ஜில நடுத்தட்டு என்னோடது! யாரைக் கேட்டு அதுல பால் பாக்கெட்டை வச்சே?"

அம்மாவின் குரல்தான். ஷூ மாட்டிக்கொண்டிருந்த நான் ஒற்றைக் காலிலேயே நின்றுவிட்டேன்.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். அதட்டத் தெரியாது. ஊசிக்குப் பயந்து ஓடும் நோயாளிகள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடுவாளாம். எனக்கு நினைவு தெரிந்து இந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"சரி அத்தை, எடுத்துடறேன்" என்றாள் என் மனைவி.

"எடுத்தா மட்டும் போதாது! இந்த வீட்டு வளங்களைப் பங்கிடுற உரிமை யாருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

"வளங்களா?" அப்பா பேப்பருக்கு மேலே தலையை நீட்டினார். "பால் பாக்கெட்டைத்தானே சொல்றே?"

"நீங்க சும்மா இருங்க!"

அப்பா மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரம் காலம் பார்க்க வேண்டாமா? மனைவி மானுடவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். குடும்பங்களில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கடைசி அத்தியாயம் சொந்த வீட்டைப் பற்றியது. அதைப் பேராசிரியர் முந்தின நாள்தான் திருப்பி அனுப்பியிருந்தார்.

'இது ஆராய்ச்சியா, வாழ்த்து அட்டையா? ஒரு முணுமுணுப்புகூட இல்லாத வீடு உண்டா? பத்து நாளில் மாற்றி எழுதித் தரவும். இல்லாவிட்டால் உங்கள் பதிவு ரத்து.'

சாப்பாட்டு மேஜையில் அதைப் படித்துக் காட்டிவிட்டு அழுதாள். நாலு வருஷ உழைப்பு. அம்மாதான் தலையைத் தடவித் தேற்றினாள். அதே அம்மா, விடிந்ததும் இந்த ஆட்டம்!

அதோடு நின்றதா? செவ்வாய்க்கிழமை, குடை மாட்டுகிற ஆணி யாருக்கு என்று சண்டை. புதன்கிழமை டிவி ரிமோட். வியாழக்கிழமை, மேஜை முனை நாற்காலி தனக்குத்தான் என்று பிடிவாதமாகப் போய் உட்கார்ந்தாள். அங்கே ஃபேன் காற்றே வராது. வேர்த்துக் கொட்டியது. எழுந்திருக்கணுமே!

"உங்கம்மாவுக்கு என்னடா ஆச்சு? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே இவ்வளவு திட்டு விழுந்ததில்லையே" என்று அப்பா என் காதைக் கடித்தார். கொஞ்சம் பொறாமைகூட இருந்ததோ என்னவோ.

மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி அத்தை" என்பாள். அறைக்குள் போய் நோட்டை எடுத்து எழுதுவாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

எனக்கு ஆபீஸில் நாள் முழுக்க வாடிக்கையாளர் புகாரைக் கேட்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள், 'நாங்க தனியாப் போயிடறோம்மா' என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடு பால்கனிக்குப் போனேன்.

அம்மாவின் மடியில் தலையணை கனத்துக்கு ஒரு நூலகப் புத்தகம். அட்டையில் 'மானுடவியல்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் ஒரு தாள். 'திங்கள் – ஃப்ரிட்ஜ். செவ்வாய் – குடை...' ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்திருந்தது. கடைசி வரி: 'நாளை – துணிக்கொடி. இன்னும் சத்தமாக.'

"என்னம்மா இது?"

திருதிருவென்று முழித்தாள். "கத்தாதேடா! வீட்ல சண்டையே இல்லேன்னுதானே அந்த வாத்தியார் திருப்பி அனுப்பினார்? எனக்கு எங்கே சண்டை போட வருது? இதைப் பார்த்துத்தான் தினம் ஒண்ணு தயார் பண்றேன். வளம், பங்கீடு, எல்லைன்னு என்னென்னமோ எழுதியிருக்கான். பாதி புரியவே மாட்டேங்குது."

"அப்போ எல்லாம் நடிப்பா?"

"பின்னே? அவளைத் திட்டிட்டு எனக்குச் சாப்பாடு இறங்குதுன்னு நினைச்சியா? இன்னும் ஒரு நாள்தான். காரியத்தைக் கெடுத்துத் தொலைக்காதே."

அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நடிப்புச் சண்டையை நிஜம் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் ஆராய்ச்சி. என்றைக்காவது வெளியே தெரிந்தால் பட்டமும் போகும், மானமும் போகும். இப்போதே சொன்னால் அத்தியாயம் போகும்.

மறுநாள் கொடிச் சண்டையை வெற்றிகரமாக முடித்தாள் அம்மா. தொண்டை கட்டிவிட்டது. மனைவி அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் வாய் வரைக்கும் வந்ததை இரண்டு நாள் விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாள்.

"ஏத்துக்கிட்டாருங்க! இத்தனை வருஷத்துல இப்படியொரு அத்தியாயம் படிச்சதில்லைன்னார்!"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அதைத் திரும்ப வாங்கிடு. அந்தச் சண்டை எதுவுமே நிஜமில்லை. உனக்காக அம்மா புத்தகத்தைப் பார்த்து..." என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் முகம் இருண்டுவிடும் என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

அவள் சிரித்தாள்.

"மனுஷங்களைக் கவனிக்கிறதுதானேங்க என் படிப்பே? முதல் நாளே திட்டி முடிச்சதும், நான் சாப்பிட்டேனான்னு கதவிடுக்கு வழியா எட்டிப் பார்த்தாங்க. அப்பவே தெரியும்." பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து என் கையில் திணித்தாள். "தலைப்பைப் படிங்க."

படித்தேன்.

'மருமகளின் பட்டத்துக்காகச் சண்டை போடக் கற்றுக்கொண்ட ஒரு மாமியாரின் பத்து நாட்கள்.'