உள்பக்கம் எது?

“இதுல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது? சொல்லு அம்மணி, பார்க்கலாம்.”

நான் தைத்த எலாஸ்டிக் பட்டையைத் தூக்கிப் பிடித்து, முதலாளி இல்யாஸ் அண்ணன் ஒருநாள் இப்படிக் கேட்டார். பனியன் கம்பெனியே சிரித்தது.

ஷார்ட்ஸ் இடுப்புக்கு வைக்கிற பட்டை. இரண்டு விரல் அகலம். நுனிகளைச் சேர்த்துத் தைக்கும்போது ஒரு நுனி புரண்டுகொண்டால் போச்சு, வீண். எனக்கு அடிக்கடி புரண்டுகொள்ளும்.

இன்றும் ஒன்று புரண்டது. அவர் கண்ணில் படுவதற்குள் அதை டீ வாங்கும் தூக்குப்போசிக்குள் ஒளித்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ வாங்கக் கிளம்பிவிட்டேன்.

வழியில் நூலகம். ‘கணக்கு விளையாட்டு, அனைவரும் வருக’ என்று வாசலில் ஒரு தட்டி. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். பீளமேட்டுக் கல்லூரியிலிருந்து வந்த சாய்ப்ரியா அக்கா ஒரு தாள் கீற்றின் நுனியைப் புரட்டி ஒட்டி, வளையமாக்கிக் காட்டினார்.

“இதுல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது?”

எனக்குக் காது சுட்டது.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே தொடங்கிய விரல் வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

“ரெண்டும் ஒரே பக்கந்தானுங்க!” ஒரு வாண்டு கத்தியது.

இதை நடுவில் நீளவாக்கில் வெட்டினால் என்ன ஆகும்? வெட்டிப் பார்த்தார்கள். தாள் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது.

நான் போசியைத் திறந்து பட்டையை எடுத்து நீட்டினேன்.

“அட, எவ்வளவு கச்சிதமா தெச்சிருக்கே!” என்றார் சாய்ப்ரியா அக்கா. கத்தரியை என்னிடமே கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்தார். ஒன்பதாவதோடு நின்ற பிறகு நான் பெஞ்சில் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

“ரெண்டு வளையம் வருமுங்க!”

“போடா, நூல் நூலாப் போயிரும்!”

பாதி வெட்டியிருந்தேன். டீயைக் காணோமென்று தேடிக்கொண்டு வாசலில் இல்யாஸ் அண்ணன்.

ஒரு அதட்டல் போதும். என்ன வருகிறது என்று பார்க்காமலே எழுந்து போக வேண்டியதுதான்.

அவர் வாயைத் திறந்தார். என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். என் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கடைசி நறுக்கு.

இரண்டாகவில்லை. ஒரே பெரிய வளையமாக விரிந்து, என் கையிலிருந்து தரைவரை தொங்கியது. நூலகம் முழுக்கக் கூச்சல்.

நிமிர்ந்தால், இல்யாஸ் அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். மேசையில் கிடந்த தாள் வளையத்தில் விரலை ஓட்டினார். நம்பாமல் இன்னொரு தரம் ஓட்டினார்.

பிறகு பெஞ்சுக்கடியில் இருந்த காலிப் போசியை எடுத்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.