இரண்டு கைப்பிடிகள்

ஓடுபாதை கண்ணில் பட்ட நேரத்தில் ஆட்டோபைலட் விமானத்தை இடப்பக்கம் சாய்த்தது. அது தவறாகத் திரும்புகிறது என்று கேப்டன் இளம்பரிதி அதை அணைத்துவிட்டு, "கண்ட்ரோல் என்கிட்ட" என்றார். துணை விமானி நப்பின்னை முறைப்படி, "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்று திருப்பிச் சொன்னாள். அதன் பிறகும் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி அவர் பிடியை மீறி இடப்பக்கமே இழுத்தது. இருவர் முன்னும் உள்ள கைப்பிடிகளில் ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். சென்ற வாரம் அவளைப் பற்றித் தான் எழுதிய புகார் அவருக்கு நினைவு வந்தது.

"கைய எடும்மா."

அவள் இரு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "எடுத்து ரொம்ப நேரமாச்சு சார். நீங்க எடுத்துப் பாருங்க."

எடுத்தார். கைப்பிடி தானாக இன்னும் இடப்பக்கம் திரும்பியது. விமானம் ஓடுபாதைக்கு நேராக வந்தது. தரைக்கு இன்னும் முந்நூறு அடி.

"கண்ட்ரோல் என்கிட்ட" என்று மறுபடியும் கை நீட்டினார். இம்முறை அவள் திருப்பிச் சொல்லவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.