ஆக்சிஜன் கூடாது

“ஆக்சிஜன் வச்சிருங்க” என்றாள் டாக்டர் அறிவுமதி.

நர்ஸ் நகரவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ‘இவருக்கு ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது.’ அறிவுமதியே சிவப்பு மையில் எழுதி ஒட்டியது.

அதைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள் அறிவுமதி.

கட்டிலில் உதயசூரியன் உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவரால் படுக்க முடியவில்லை.

குன்றாண்டார்கோவில் பக்கம் தைலமரக் கன்றுகளுக்கு நடுவே களைக்கொல்லி அடிக்கப் போனவர். தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டது. வாயை வைத்து உறிஞ்சினார். மருந்து உள்ளே போய்விட்டது.

வந்த அன்று நன்றாகத்தான் இருந்தார். வாய் மட்டும் வெந்திருந்தது. சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டார்.

அவருடைய சிறுநீரில் ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினாள் அறிவுமதி. பேனா மை போல நீலமாக மாறியது.

பக்கத்திலேயே நின்றாள் அவர் மனைவி மீனம்மாள். அவளிடம் மறைக்க அறிவுமதிக்கு மனம் வரவில்லை; விளக்கிச் சொன்னாள்.

அந்த நீலம் ஒரு ஃப்ரீ ராடிக்கல், களைக்கொல்லி மாறிய வடிவம். நுரையீரலுக்குள் போனாலும் மருந்து இப்படித்தான் மாறும். அங்கே ஆக்சிஜன் பட்டதும் பழையபடி மருந்தாகத் திரும்பும்; மறுபடி மாறும். ஒவ்வொரு தடவையும் நுரையீரல் கொஞ்சம் வேகும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜன் அதற்குத் தீனி.

“அவரு நுரையீரலக் காப்பாத்த முடியும்கிற வரைக்கும் ஆக்சிஜன் கொடுக்க மாட்டேம்மா” என்றாள்.

மீனம்மாள் சோதனைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து நாளில் மூச்சு சுருங்க ஆரம்பித்தது. வார்டில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. சிலிண்டர் கையெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஒரு மனுஷன் காற்றுக்குத் தவிக்கிறான், இந்தம்மாவுக்கு ஈரமே இல்லையா என்று அறிவுமதியின் காதுபடவே பேசினார்கள். மீனம்மாளையும் விடவில்லை. நீயாவது சண்டை போட்டுக் கேள் என்றார்கள்.

அவள் கேட்கவே இல்லை. புருஷனின் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் இப்போது மாஸ்க்கைப் பொருத்திச் சிலிண்டரைத் திறந்தாள். உதயசூரியனின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. மனைவியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“ஒருவழியா மனசு எறங்கிட்டாங்கடி” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. மீனம்மாள் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அறிவுமதியால் அங்கே நிற்க முடியவில்லை. காலையில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்தன. இனிக் காப்பாற்ற எதுவுமில்லை. தவிப்பாவது குறையட்டும், அவ்வளவுதான். இதை இந்தப் பெண்ணிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

மீனம்மாள் புருஷனின் கையை மெதுவாக விடுவித்து, வராந்தாவுக்குப் போனாள். அறிவுமதி பின்னாலேயே போனாள்.

திருப்பூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டிருந்தாள் மீனம்மாள்.

“வைஷ்ணவி, அப்பாவுக்கு ஆக்சிஜன் வச்சிட்டாங்க. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு இப்பவே கெளம்பி வந்துரு.”