மூன்று மிதி

"தொடாத ஆண்டாளு, தொட்டா உசிரு போவுது."

பொன்னுரங்கம் வாசலில் குப்புறக் கிடந்தார். நாற்பத்திரண்டு வயது, ஊர்க் கபடி அணியின் கேப்டன். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், நேற்று ரோட்டோரப் புளியமரத்தைச் சாய்த்துக் குறுக்கே இழுத்துப் போட்டபோது பிடித்துக்கொண்ட இடுப்பு.

"கள்ளக்குறிச்சி டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போலாம்னா பஸ்ஸு இல்ல," என்றாள் மனைவி ஆண்டாள். "நீங்க போட்ட மரம் கெடக்குதே குறுக்க."

"அந்தாளு இன்னா சொல்லுவாரு? கபடிய வுட்டுட்டு வரப்புல நட, கெணத்துல நீஞ்சும்பாரு. நான் இன்னா தவளையா? கல்வராயன் மலை டீமு நடந்தே எறங்கி வந்துட்டாங்க. சாயங்காலம் நான் எறங்கலன்னா ஊரு மானம் போச்சு."

இடுப்புப் பிடிப்புக்கு அந்த ஊரில் ஒரே வைத்தியம்தான். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்தவர் மூன்று தரம் மிதிக்க வேண்டும். அப்படிப் பிறந்தவர் ஊரிலேயே ஒருத்தர்தான், அது பொன்னுரங்கம். சுற்றுப்பட்டு இடுப்பையெல்லாம் மிதித்த கால், சொந்த இடுப்புக்கு எட்டவில்லை.

அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கூலிக்குச் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள் செல்லியம்மாள். கூடை தூக்கிவிட வந்த மகள் கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். காலனியிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் பெண். மறியலால் காலேஜுக்கு லீவு. இருபது நாளில் பல்கலைக்கழக ஓட்டப் பந்தயம். ஏரிக்கரை மைதானத்தில் ஓடிப் பழகப் போனவளை, "காலனிப் பொண்ணுக்கு இங்க இன்னா வேல?" என்று போன வாரம் விரட்டியது இதே பொன்னுரங்கமும் அவர் ஆட்களும்தான். அந்த வாய் இப்போது மண்ணில் கிடந்தது.

"நானும் காலால பொறந்தவதான்," என்றாள் கோகிலவாணி.

செல்லியம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்டி, வா போலாம்."

"நெசமா செல்லி?" என்றாள் ஆண்டாள்.

செல்லியம்மாள் சாணியைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

பொன்னுரங்கம் முனகினார். "அவளா? என்னை மிதிக்கறதா?"

"வேணாம்னா சரி. மலைக்காரங்க ஜெயிச்சிட்டுப் போவட்டும்."

"இரு, இரு. இன்னா கேக்கற?"

"நாளைலேர்ந்து அந்த மைதானத்துல நான் ஓடுவேன். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

"ஓடித் தொலை. மொதல்ல மிதி."

முதல் மிதி பதமாக விழுந்தது. இரண்டாவதில் போன வாரத்துக் கோபம் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதில் மிச்சமும் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். ஆண்டாள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பொன்னுரங்கம் எழுந்து நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கபடி பாடிப் போன ஒரே மூச்சில் மூன்று மலைக்காரர்களை அவுட்டாக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் கோகிலவாணி மைதானத்தை எட்டுச் சுற்று ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பொன்னுரங்கத்தையே நிமிர்த்திய கால் என்று கேள்விப்பட்டு, காலனிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஊர்க்காரர்கள் ஏழு பேர், அவள் குடிசை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்று விரட்டியவர்களில் நாலு பேர் அதில் இருந்தார்கள்.

செல்லியம்மாள் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அடிப்பாவி, உனக்குத் தலதானடி மொதல்ல வந்துச்சு."

"மெதுவா பேசும்மா," என்றாள் கோகிலவாணி, காலை உதறிக்கொண்டே. "இன்னும் ஏழு பேரு கீறாங்க."