தெருவுக்கு வந்த வியாழன்

"மொட்டை மாடியைப் பூட்டியாச்சு. இனிமே டெலஸ்கோப்பை மேல கொண்டு போகக் கூடாது" என்றார் அபார்ட்மென்ட் செயலாளர் தட்சிணாமூர்த்தி.

"ஏன் சார்?" என்றாள் யூனிஸ்.

"புகார் வந்திருக்கும்மா. பொம்பளைக்கு தினமும் மாடியில என்ன வேலைன்னு கேக்கறாங்க."

"வியாழன் கிரகத்தைப் படம் எடுக்கறேன். அங்க புதுசா ஒரு புயல் கிளம்பியிருக்கு. அங்க சுத்தற விண்கலம் எந்நேரமும் அதையே பாத்துக்கிட்டு இருக்காது. நமக்கு இருட்டும்போது ஐரோப்பா, அமெரிக்காவுல பகல். இந்த நேரத்துப் படம் நம்ம பக்கத்துலேர்ந்துதான் போகணும். விஞ்ஞானிங்க அதை வச்சுத்தான் புயல் எப்படி நகருதுன்னு பாக்கறாங்க. புகார் கொடுத்தது யாரு?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நீங்களே கட்டின கதை. அப்படித்தானே?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் கணவன் ஆபேல் சமாதானம் சொன்னான். "நான் உன் பக்கம்தான். ஆனா ஊர் வாயை மூட முடியுமா? விட்டுடேன்."

"விட மாட்டேன். மாடியைத்தானே பூட்டினாங்க? தெருவைப் பூட்டலையே!"

அன்று சாயங்காலமே கேட்டுக்கு வெளியே, தாம்பரம் சேலையூர்த் தெருவில் டெலஸ்கோப்பை நிறுத்தினாள்.

ஓர் ஆட்டோ நின்றது. "இன்னாக்கா, சர்வேயா? வூட்ட இடிக்கப் போறாங்களா?"

"வியாழன் அண்ணா. பாக்கறீங்களா?"

தெருநாய் குரைத்தது. போகிறவர், வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். செயலாளர் தலை தெரிந்தபோதெல்லாம், "பூட்டு பத்திரமா இருக்கா சார்?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வானம் தெளிந்த ஒரு மாலையையும் அவள் விடவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் புயல் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. பல நாட்டுப் படங்களுக்கு நடுவே ஒன்றின் கீழே 'யூனிஸ், தாம்பரம்' என்று இருந்தது.

அபார்ட்மென்ட்டில் பாராட்டு விழா. மைக்கைப் பிடித்த ஆபேல், "ஆரம்பத்துலேர்ந்தே என் மனைவிக்கு நான் ஃபுல் சப்போர்ட்..." என்றதும் ஒரே கைதட்டல்.

யூனிஸ் பக்கத்தில் இருந்த செயலாளரிடம் குனிந்தாள். "இப்பவாவது ஒத்துக்கங்க சார். புகார் கொடுத்தது நீங்கதானே?"

அவர் மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி ஞானாம்பாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வரக் கூடாதுன்னு இவரு இத்தனை மாசமா உன்கிட்ட திட்டு வாங்கறாரும்மா. 'என் பேரைச் சொல்லாம மாடியைப் பூட்டிடுங்க'ன்னு வந்து கெஞ்சினது, அதோ, இப்ப மைக்ல பேசறாரே... அவரு!"

யூனிஸ் எழுந்தாள். நேராக மேடையேறிக் கணவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"தட்சிணாமூர்த்தி சார், முதல்ல என்னை மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தாள்.