ரெண்டு தடவை சொல்லும் டாக்டர்

“இந்த டாக்டர் என்னைப் பத்தி என்னதாங்க நினைச்சிட்டிருக்காரு? ஒண்ணுமே தெரியாத மக்குன்னா?”

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்ன, போட்டாள்.

பேப்பர் படித்துக் கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்துக்கு ஒருநாள்தான் லீவு.

“அப்படி என்ன சொல்லிட்டாரு?”

“‘இடது பக்கம் சைனஸ்’னு ஒரு தடவை சொன்னா எனக்குப் புரியாதா? ‘இடது... இடது பக்கம். சைனஸ். சை, ன, ஸ்.’ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி! பத்து மாசமா இதே கூத்து.”

காது மூக்கு தொண்டை டாக்டர் அவர். நோயாளிகளைப் பார்த்துவிட்டு விவரங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது இவள் வேலை.

சேர்ந்த புதிதில், புரியாத வார்த்தை வந்தால் கோடு போட்டு விட்டுவிடுவாள். பக்கத்துக்குப் பத்துக் கோடு விழுந்தது. ‘இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்’ என்று மேனேஜர் எச்சரித்தார். இப்போது ஒரு கோடு கூடக் கிடையாது. பாராட்டு மழைதான்.

“இவ்வளவு சுத்தமா அடிச்சுக் கொடுக்கறேன், எனக்கு இந்த மரியாதை! மேனேஜருக்கு மெயில் எழுதி வெச்சிட்டேன். ‘டாக்டர் என்னை அவமானப்படுத்தறாரு, வேற டாக்டரோடது கொடுங்க’ன்னு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

“அனுப்பு. அதுக்கு முன்னாடி அந்த ஹெட்போனைக் கொடு, நானும் கேக்கறேன்.”

மாட்டிக் கொண்டவன் முகம் சுளித்தான்.

“கொர்ருனு இரையுதே! எங்க மோட்டார் ரூமே இதைவிட அமைதியா இருக்கும்மா. இதை வெச்சுக்கிட்டா தினம் ஆறு மணி நேரம் ஓட்டறே?”

ஒயரின் நுனியை அழுத்தினான். ‘டக்’கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. இத்தனை நாள் அரைகுறையாகத் தொங்கிக் கொண்டிருந்திருக்கிறது. கம்ப்யூட்டரின் சார்ஜரைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது.

ஹெட்போனின் காது மெத்தையைத் தடவினான். தோல் வெடித்துப் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

“உன் கன்னத்துல கறுப்பா ஒட்டியிருக்குமே, இதுதானா அது? நான் கண்மைன்னு நினைச்சேன்.”

“பத்து மாசமா அதைக் கேட்டீங்களா?”

எழுந்து தெருமுனைக் கடைக்குப் போனான். அதே அளவில் புது மெத்தை வாங்கி வந்து மாட்டினான். மகள் பாட்டுக் கேட்பதற்காகக் கம்ப்யூட்டரில் ‘பாஸ்’ என்கிற அடித்தொனியைக் கூட்டி வைத்திருந்தாள். பேச்சுக்கு அது ஆகாது என்று அதையும் அணைத்தான்.

“வா, மாட்டிப் பாரு. அட, மாத்திப் போடறியே! ‘எல்’னு எழுத்து போட்டிருக்கிறது இடது.”

“ரெண்டு பக்கமும் அதே பேச்சுதானே வருது?”

“செருப்பை மாத்திப் போட்டாலும் நடக்கலாம். கடிக்கும்ல?”

காதோரத் தலைமுடியை ஒதுக்கி, மூக்குக்கண்ணாடியின் காம்பை மெத்தைக்கு மேலே தூக்கிவிட்டான். “சந்து இருந்தா சத்தம் ஓடிடும்.”

பதிவை ஓடவிட்டாள். கண்கள் விரிந்தன.

“ஏங்க! டாக்டர் பேப்பரைப் புரட்டறது கூடக் கேக்குதுங்க! மூச்சு விடறது கேக்குது!”

அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை என்று மூச்சு விடாமல் இருந்தாள். அவளா இப்படிக் குதிக்கிறாள்! அவனுக்கு மனசு நிறைந்து போயிற்று.

“உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்.”

“கோயில் இருக்கட்டும், ஒரு காபி போதும்.”

“இந்தப் பதிவை முடிச்சிட்டு, அந்த மெயிலையும் தட்டிவிட்டுட்டு வர்றேன்.”

அதற்குள் அவனே காபி போட்டு எடுத்து வந்தான்.

அவள் அழுது கொண்டிருந்தாள். திரையில் அந்த மெயில் இல்லை.

“என்னாச்சும்மா? காது வலிக்குதா?”

“பெரிய பாவம் பண்ணப் பார்த்தேங்க. உங்க புண்ணியத்துல தப்பிச்சேன்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“‘முடிஞ்சுது’ன்னு டாக்டர் சொன்னதும் எப்பவும் நிறுத்திடுவேன். இன்னிக்குக் கேக்க சுகமா இருக்கேன்னு ஓடவிட்டேன். அவரும் அணைக்க மறந்திருக்காரு. நீங்களே கேளுங்க.”

ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓடவிட்டாள்.

தூரத்தில் ஒரு நர்ஸின் குரல்: “வெளியே இருபது பேர் காத்திருக்காங்க டாக்டர். எதுக்கு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்றீங்க?”

டாக்டரின் குரல், மெதுவாக: “டைப் பண்ற அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சிஸ்டர். ஆரம்பத்துல அவங்க கோடு போட்ட இடமெல்லாம் பார்த்தேன். எல்லாம் ‘ஸ்’, ‘ஃப்’னு மெல்லிசா வர்ற சத்தம். காது டாக்டருக்கு அது தெரியாதா? வெளியே சொன்னா அவங்க வேலை போயிடும். நான் ரெண்டு தடவை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?”