ரெண்டு நாள் இருட்டு

"வேணும்னே பண்றான் சார். பழி வாங்கறான்!"

மின்வாரிய அதிகாரி ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் தெய்வசிகாமணி ஆரம்பித்துவிட்டார். கையில் மனு. அதில் ஊர் ஆண்கள் அத்தனை பேரின் கையெழுத்தும் இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

கார்த்திகைப் புயல் அடித்து இன்றோடு மூன்றாம் நாள். சங்கராபுரத்தைச் சுற்றி எல்லா ஊரிலும் நேற்றே விளக்கு எரிந்துவிட்டது. இங்கே மட்டும் ஒயர்மேன் டென்னிஸ், டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு திரிகிறான். கேட்டால், "கொஞ்சம் பொறுங்க" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

காலையில் தெய்வசிகாமணி மனுவோடு கிளம்பும்போது நிறைமாதமாக இருக்கும் மனைவி ஆண்டாள் வாசலில் மறித்தாள்.

"ஏங்க, அதக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்த..."

"ஊர் விஷயத்துல உனக்கு இன்னா வேல? உள்ள போ."

போய்விட்டாள்.

"பழி வாங்கறான்னா, எதுக்கு?" என்றார் அதிகாரி.

தெய்வசிகாமணி கையிலிருந்த மனுவைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சின்னராசு முந்திக்கொண்டார்.

"போன புரட்டாசில எட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டோம் இல்லீங்களா? அன்னிக்கி இவன் பொண்டாட்டி ஷீபாவுக்குப் பிரசவ வலி. மாட்டு வண்டியில இட்டுக்கினு வந்தான். நாங்க வழி வுடல. அந்தக் கோவங்க."

"கொழந்த?"

"தங்கலைங்க."

கூட்டம் தரையைப் பார்த்தது.

அன்று புளியமரத்தில் விழுந்த கோடாலி தெய்வசிகாமணியுடையது. "யாரா இருந்தாலும் சுத்திக்கினு போ" என்ற குரலும் அவருடையதுதான். கேட்டது நியாயம் என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அந்த மாட்டு வண்டியை மட்டும் நினைக்கப் பிடிக்காது. டென்னிஸ் இடத்தில் தான் இருந்திருந்தால் இந்த ஊரைச் சும்மா விட்டிருக்க மாட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அவன் எது செய்தாலும் பழியாகத்தான் பட்டது.

அதிகாரி டென்னிஸைக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாளா என்னப்பா பண்ண?"

"லைன் பாத்துக்கினு இருந்தேங்க."

"என்ன கோளாறு? ரிஜிஸ்டர்ல ஒண்ணும் எழுதலையே?"

டென்னிஸ் தெய்வசிகாமணியைப் பார்த்தான். அப்புறம் சின்னராசுவை. அப்புறம் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக.

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எம்மேலதான் தப்பு."

"பாத்தீங்களா சார், அவனே ஒத்துக்கினான்!" என்றார் தெய்வசிகாமணி.

"இப்பவாவது கரண்ட் குடுக்கலாமா?" என்று அதிகாரி டென்னிஸைக் கேட்டார்.

"குடுக்கலாங்க. இன்னிக்கிக் காலையிலதான் முடிஞ்சுது."

என்ன முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பீஸ் ஏறியதும் தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது. கூட்டம் கைதட்டியது.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே. சஸ்பெண்ட் ஆர்டர் வீடு தேடி வரும்" என்றார் அதிகாரி.

டென்னிஸ் தலையாட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஜெயித்த தெம்போடு தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்தார். வீட்டில் விளக்கு எரிந்தது. பின்பக்கம் போய் மாட்டுக்கொட்டகை சுவிட்சைப் போட்டார். எரியவில்லை.

"பாத்தியாடி! போவும்போதும் நம்மகிட்டயே வேலையக் காட்டிட்டுப் போறான்!"

அந்த பல்புக்கு முறையான இணைப்பு கிடையாது. வயல் மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். அங்கிருந்து ஒரு ஒயரை இழுத்து, சேர்ந்த இடத்தில் சைக்கிள் ட்யூபைச் சுற்றி, முருங்கை மரத்தில் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

ஆண்டாள் கொட்டகைச் சுவரைக் காட்டினாள். ஆணியில் அந்த ஒயர் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது. வெளியே முருங்கை மரம் இரண்டாக முறிந்து கிடந்தது. புயலுக்குப் பிறகு சாவடியே கதியென்று இருந்தவர் இப்போதுதான் அதைப் பார்த்தார்.

"யாரு சுருட்டுனது?"

"புயல் அன்னிக்கி விடியக்கால பால் கறக்க வந்தேன். மரம் முறிஞ்சி, ஒயரு தண்ணியில கெடந்தது எனக்குத் தெரியல. நம்ம கோழி ஒண்ணு செத்து மெதந்துது. ரோட்டுலேர்ந்து அந்தத் தம்பி பாத்துட்டு, 'அக்கா, காலெடுத்து வைக்காதீங்க, அப்பிடியே நில்லுங்க'ன்னு கத்துனாரு. கொட்டற மழையில டிரான்ஸ்பார்மருக்கு ஓடிப்போயி பீஸப் புடுங்கனாரு."

தெய்வசிகாமணியால் மனைவியின் வயிற்றிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

"ஊர்ல எல்லார் கொட்டாயிலயும் இதே கதிதான். ரெண்டு நாளா வயக்காடு பூரா நடந்து ஒவ்வொண்ணா அவுத்துச் சுருட்டிக்கினு இருந்தாரு. அப்ப நீங்கள்லாம் சாவடியில குந்திக்கினு மனு எழுதிக்கினு இருந்தீங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"வெளிய தெரிஞ்சா ஊரே திருட்டுக் கரண்ட் கேசுல உள்ள போயிடும், யாருக்கும் சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாருங்க. மனசு கேக்காம காலையில சொல்ல வந்தேன். நீங்க காது குடுக்கல."

தெருவில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆண்டாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கிப் போவும்போது இன்னொண்ணும் சொன்னாரு. 'ரோடெல்லாம் மரம் சாஞ்சி கெடக்குதுக்கா. வலி வந்தா எந்நேரமா இருந்தாலும் ஆள் அனுப்புங்க, நான் வந்து வெட்டி வழி பண்ணித் தரேன்'னாரு."